வாயால் சுட்ட பட்டாளம்

அத்தியாயம் 6

துப்பறியும் அம்மா ஒருவர் வருகிறார் என்று மேஜர் சொன்னபோது, கறுப்புக் கண்ணாடியும் காருமாக யாரோ வந்து இறங்கப் போகிறார்கள் என்றுதான் சுபேதார் ராஜாங்கம் நினைத்திருந்தார். வந்து நின்றதோ ஒரு ஷேர் ஆட்டோ. குடையோடு இறங்கிய பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, தோளில் ஜோல்னாப் பை. ஓட்டி வந்தவன் இறங்கியதும் முதல் வேலையாக முகாம் வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றி வந்தான். நான்கு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"இன்னா சார், பட்டாளத்து ஜீப்பு சம்மணம் போட்டு உக்காந்துட்டுது? முட்டி வலியா?"

"டீசல் அலாட்மென்ட் இல்லை" என்றார் ராஜாங்கம் விறைப்பாக.

"கவலைப்படாதீங்க. எதிரி வந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க. நம்ம வண்டி இருக்குது."

"அப்பாவு, கொஞ்சம் வாயை மூடு" என்ற அந்தப் பெண்மணி ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "நான் ஹசீனா சார். திண்டிவனத்துல இருந்து வர்றேன். சதீஷோட அக்கா இலக்கியா அனுப்பிச்சாங்க."

சதீஷ் என்ற பெயரைக் கேட்டதுமே ராஜாங்கம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு நாளாக அப்படித்தான். மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருந்த இந்தத் துணைப்படைப் பயிற்சி முகாமில் சதீஷ் கடைசியாகச் சேர்ந்த பயிற்சி வீரன். பத்தொன்பது வயது. நாலு நாளைக்கு முன்னால் அவன் சுட்ட தோட்டா, அந்தப் பக்கமாக நடந்து வந்த மாயவன் என்ற உப்பளத் தொழிலாளியின் முழங்காலைத் துளைத்தது. மாயவன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார், ஆனால் காலை எடுத்துவிட்டார்கள். சதீஷ் முகாமின் கோடி அறையில் அடைந்து கிடக்கிறான். சாயங்காலம் விசாரணை அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் சதீஷ் நேராக ஜெயிலுக்குப் போவான்.

அவனுக்கு எதிராக எழுதிக் கொடுத்த சாட்சி ஒரே ஒருவர். கொடி ஏற்றியிருந்தது, மாயவன் அதை மீறி உள்ளே வந்தார், உத்தரவு வருமுன்பே சதீஷ் சுட்டுவிட்டான். சுபேதார் ராஜாங்கம் எழுதியது இவ்வளவுதான். இதில் எது உண்மை, எது பொய் என்று அவர் தனக்குள்ளேயே பேசிக்கொள்வதைக்கூட விட்டுவிட்டார். சோறு மட்டும் இறங்கவில்லை.

"சுடுற இடத்தைப் பாக்கலாமா?" என்றார் ஹசீனா.

முகாமின் பின்னால் நீளமாக ஒரு பொட்டல். அதன் கோடியில் குறிப்பலகைகள், அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. மேட்டை ஒட்டி உப்பளத்துக்குப் போகும் வரப்பு. அதற்கு அப்பால் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைப் பாத்திகள். பொட்டலின் இந்தப் பக்கம் பத்துப் பையன்கள் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு ஹவில்தார், "ஃபயர்!" என்று கத்தினார்.

"டுமீல்!" என்றார்கள் பத்துப் பேரும் வாயால்.

அப்பாவுவுக்குக் கண் பிதுங்கிவிட்டது. "அக்கா! துப்பாக்கி பேசுது!"

ராஜாங்கத்துக்கு முகம் சிவந்தது. ஆனால் இதை விளக்கும்போது மட்டும் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை வந்துவிடும். இன்றைக்கும் வந்தது, பாழாய்ப்போன பெருமை. "போன ஐப்பசியில மேல இருந்து சிக்கன உத்தரவு வந்துது மேடம். மொதல்ல டீசலை வெட்டினாங்க. அப்புறம் ஆளை. கடைசியில பயிற்சித் தோட்டாவை. வெறும் துப்பாக்கியைப் புடிச்சுக்கிட்டுப் படுத்தா பசங்க தூங்கிடறானுங்க. அதனால நான்தான் இந்த முறையைக் கொண்டாந்தேன். நான் ஃபயர்னு சொன்னதும் விசையை இழுக்கணும், கூடவே டுமீல்னு கத்தணும். கத்தாதவன் கிரவுண்டைச் சுத்தி ஓடணும். ஆர்டருக்கு முன்னாடி கத்திட்டான்னா மொத்த ஸ்குவாடும் ஓடணும்."

"முந்திக் கத்துறவங்க இருக்காங்களா?"

"மொத வாரத்துல இருந்தானுங்க. அப்புறம் ஒருத்தன்கூட முந்துனது கிடையாது. அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்."

"நெஜத் தோட்டா எப்ப வந்துச்சு சார்?"

"அன்னைக்குத்தான். ஒன்பது மாசம் கழிச்சு, ஆளுக்கு அஞ்சு. மொத ஆளா சதீஷ் மட்டும் படுத்தான், மத்தவனுங்க ஸ்டோர் ரூம்ல தோட்டா வாங்கிக்கிட்டு இருந்தானுங்க. மொத வெடியிலயே..." அவர் வரப்பைக் கைகாட்டினார்.

ஹசீனா அவரைத் தொந்தரவு செய்யவில்லை. பொட்டலின் ஓரத்திலிருந்த கொடிக்கம்பத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் சிவப்புக் கொடி படபடத்தது. "சுடுறப்போ இதை ஏத்துவீங்க. அப்படித்தானே?"

"ஆமாம். சிவப்பு ஏறினா உப்பளத்து ஆளுங்க யாரும் அந்த வரப்புல கால் வைக்கக் கூடாது. அன்னைக்கும் ஏத்தியிருந்துது. கேம்புல யாரை வேணா கேளுங்க."

"கேட்டேன் சார். நேத்தே போன்ல சமையக்காரர்ல இருந்து மேஜர் வரைக்கும் சிவப்புக் கொடின்னாங்க. உப்பளத்துலயும் கேட்டுட்டுத்தான் வர்றேன். அங்க அத்தனை பேரும் வெள்ளைக் கொடின்னாங்க."

"அவனுங்க பொய் சொல்றானுங்க."

"அவங்க உங்களைச் சொல்றாங்க." ஹசீனா சிரித்தார். "நான் பாத்த வரைக்கும் பொய்யின்னா ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருத்தன் கொடியே இல்லைம்பான், ஒருத்தன் பாதி ஏறியிருந்துதும்பான். இங்க ரெண்டு பக்கமும் ஒரு வார்த்தை பிசகலை. அதான் இடிக்குது. கொஞ்சம் இறக்குங்களேன்."

கொடி இறங்கியது. ஹசீனா அதைத் தடவினார், மோந்து பார்த்தார், பிறகு யாரும் எதிர்பாராதபடி அதன் நுனியை நாக்கில் வைத்தார்.

"பசிச்சா சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான் அப்பாவு. "வர்ற வழியிலயே பரோட்டா போட்டுக்கிட்டு இருந்தான்."

"நீயும் நக்கிப் பாரு. கொடியை இல்லடா, இந்தக் கயித்தை."

அப்பாவு நக்கினான். முகத்தை அஷ்டகோணலாக்கித் துப்பினான். "உப்புமூட்டை!"

"கயிறு கரிக்குது, கொடி கரிக்கலை. இந்த ஊர்ல ராத்திரி காயப் போட்ட கைலியே காலையில அப்பளமா விறைச்சு நிக்குது. இது இன்னும் கடை மடிப்புக்கூட கலையாம மாப்பிள்ளை கணக்கா இருக்குது." ஹசீனாவின் குரல் உயரவே இல்லை. "சுபேதார் சார், அன்னைக்குப் பறந்தது இது இல்லை."

ராஜாங்கம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேஜர் மறுநாள் புதுசு வாங்கியாரச் சொன்னாரு, இன்னைக்குக் காலையிலதான் ஏத்தினோம். பழசு... அந்தக் கலாட்டாவுல எங்கியோ போச்சு."

"பாருங்களேன்" என்றான் அப்பாவு. "தோட்டா வாங்க வக்கில்லை, டீசலுக்கு வழியில்லை. ஒருத்தன் கால் போனதும் கொடி மட்டும் ஓடி வருது."

இது வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் ராஜாங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய கொடிக்குப் பதில் புதுசு கேட்டு அவர் மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் இல்லை என்று வந்தது. மரக்காணம் பஜாரில் துணிக்கடைக்கா பஞ்சம்? சைக்கிளில் போனால் கால் மணி நேரத்தில் ஒரு முழம் சிவப்புத் துணி வாங்கி வந்திருக்கலாம். சர்க்கார் வேலைக்குச் சொந்தக் காசைப் போட்டுப் பழக்கினால் நாளைக்கு எல்லாவற்றையும் நம் தலையிலேயே கட்டுவான்கள் என்ற வீம்பு. அந்த வீம்பை நினைத்தால் இப்போது அவருக்கே காறித் துப்பலாம்போல் இருந்தது.

"முதலுதவிப் பெட்டி இருக்குதா சார்?"

பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்கள். துருப்பிடித்த கத்தரிக்கோல் ஒன்று, காய்ந்துபோன டிஞ்சர் பாட்டில் ஒன்று.

"பேண்டேஜ்?"

"எழுதிப் போட்டிருக்குது."

"அப்போ மாயவன் காலை எதால கட்டுனீங்க? நீங்கதான் ஓடிப்போய்க் கட்டுனீங்கன்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும்தான் கேம்புக்கும் உப்பளத்துக்கும் சண்டை இல்லை."

"கையில கிடைச்ச துணி."

ஹசீனா மொட்டைப் பொட்டலைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். "இங்க கையில கிடைக்கிற மாதிரி வேற துணியே இல்லையே சார்" என்றார். "வாங்க, மாயவன் வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்த சுபேதார், ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்தார்.

அனுமந்தை போகும் சாலையில் ஆட்டோ குலுங்கியது. இரண்டு பக்கமும் கீற்றுப் போர்த்திய உப்பு அம்பாரங்கள். பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டோவுக்குள் இருந்த காக்கிச் சட்டையைப் பார்த்து நிமிர்ந்தார்கள். ஒரு காலோடு மாயவன் இனி அந்தத் தண்ணீரில் எப்படி நிற்பார் என்ற நினைப்பு வந்ததும் ராஜாங்கம் பார்வையைத் தன் பூட்ஸ் பக்கம் இறக்கிக்கொண்டார்.

உப்பளத்து ஓரத்தில் வரிசையாக ஆறேழு குடிசைகள். முதல் குடிசையிலிருந்து மாயவனின் மனைவி குப்பம்மாள் வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுத்துப் போக வந்திருந்தாள். ராஜாங்கத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"அய்யா! நீங்களே வந்துட்டீங்களா! தோ, உக்காருங்க." ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். ஹசீனாவிடம் திரும்பினாள். "இவரு மட்டும் ஓடியாந்து கட்டுப் போடலேன்னா என் ஊட்டுக்காரு அங்கியே போயிருப்பாரும்மா. டாக்டரே சொன்னாரு. எங்களுக்கு இவருதான் சாமி."

ராஜாங்கம் உட்காரவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார அவருக்குத் துணிச்சல் இல்லை.

"அந்தக் கட்டுத் துணி இருக்குதாம்மா?" என்றார் ஹசீனா.

"இருக்குதே. சர்க்கார் துணியாச்சே, திருப்பிக் குடுக்கணுமேன்னு தோச்சு மடிச்சு வெச்சிருக்கேன். கறைதான் முழுசாப் போவல."

உள்ளே போய் எடுத்து வந்து ராஜாங்கத்திடமே நீட்டினாள். அவர் கை நீளாததால் ஹசீனா வாங்கிக்கொண்டார். பழைய வேட்டி நிறத்தில் ஒரு துணி. அங்கங்கே டீ சிந்தியது போல் கறை. ஹசீனா ஒரு பக்கத்து விளிம்பைத் தடவி, ஜோல்னாப் பையிலிருந்து ஊசியை எடுத்து, மடித்துத் தைத்திருந்த தையலைப் பிரித்தார். வெயிலும் உப்புக் காற்றும் எட்டாத அந்த மடிப்புக்குள் ஒரு விரல் அகலத்துக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு.

அப்பாவு எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா! ரெண்டு கட்சியும் ஜெயிச்சுட்டுது."

"ரெண்டு பேருமே நெஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் ஹசீனா. "கேம்புல இதுக்குப் பேரு சிவப்புக் கொடி. துணி வெளுத்துப் போச்சு, பேரு அப்படியே நின்னுட்டுது. தினமும் ஏத்துறவங்க கண்ணுக்கு அது சிவப்பாவே இருந்திருக்குது. ஏம்மா, நீங்க எப்பல இருந்து இதை வெள்ளையாப் பாக்கிறீங்க?"

"இந்த வருசம் வேலைக்கு எறங்குன நாள்ல இருந்து. மழைக் காலத்துல எங்களுக்கு வேலை கெடையாது. அப்புறம் அலை வந்து பாத்தியெல்லாம் மண்ணு மூடிக்கிச்சு. பங்குனியிலதான் திரும்ப வந்தோம். போன வருசம் சிவப்புக் கொடி போட்டு நெசமாலுமே சுட்டுக்கினு இருந்தாங்க. சிவப்பு ஏறுனா நாங்க கிட்டக்கப் போவ மாட்டோம், அத்தினி தூரம் சுத்திக்கினுதான் போவோம். இந்த வருசம் வந்து பாத்தா வெள்ளைக் கொடி பறக்குது, பசங்க வாயால டுமீல் டுமீல்ன்றாங்க." குப்பம்மாள் இதில் என்ன சந்தேகம் என்பது போல் பார்த்தாள். "வெள்ளைக் கொடின்னா வாய் வெடி, சிவப்புக் கொடின்னா நெச வெடின்னு அய்யாமாருங்க பிரிச்சு வெச்சிருக்காங்கன்னு நாங்க நெனச்சோம். எல்லாரும் அந்த வரப்புலதான் போய் வந்துக்கினு இருந்தோம்."

ராஜாங்கத்துக்கு நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் வந்தது. "மூணு தடவை கேட்டேன் மேடம்" என்றார் அவசரமாக. "புதுக் கொடி வேணும்னு மூணு தடவை எழுதினேன். குடுக்கலை."

"தெரியும் சார். மேஜர் சொன்னாரு. கொடி விஷயத்துல உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மாயவனும் மீறி வரலைன்னு ஆயிடுச்சு." ஹசீனா துணியைப் பதமாக மடித்தார். "சதீஷ் பாடுதான் அப்படியே நிக்குது. ஆர்டருக்கு முன்னாடி சுட்டான்னு நீங்க எழுதியிருக்கீங்களே. ஏம்மா குப்பம்மா, அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

"அவருக்குப் பின்னாலதாம்மா, பாத்தியில. உப்பு வாரிக்கினு இருந்தேன்."

"என்ன கேட்டுச்சு உனக்கு?"

"காத்து அந்தாண்ட அடிச்சுது. பேச்சு ஒண்ணும் காதுல வுழல. ஒரு பையன் மட்டும் டுமீல்னு கத்துனான், தொண்டை கிழிய. அந்தக் கத்தலோட கத்தலா நெச வெடி வெடிச்சுட்டுது." குப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், நெசத் தோட்டா போட்டிருக்கறதே அந்தப் புள்ளைக்கு மறந்துபோச்சு போல. பழக்கத்துல கத்திட்டான்."

அப்பாவு ஹசீனாவின் முகத்தைப் பார்த்தான்.

ஹசீனா மெதுவாக ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "சார், ஆர்டர் வராம உங்க பசங்க டுமீல்னு கத்துவாங்களா?"

பதிலைத்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரே சொல்லிவிட்டாரே. ஒருத்தன்கூட முந்தினது கிடையாது. அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

"சதீஷ் கத்தியிருக்கான்னா அதுக்கு முன்னாடி யாரோ ஃபயர்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு அதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான். விசாரணையில இதை நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

குப்பம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா? அய்யாவை ஏன் கேக்கற? அவருதான் காப்பாத்துனவரு."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஜெயிலைத் தாங்கலாம், மேஜரின் ஏச்சைத் தாங்கலாம். இந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் சோற்றில் கை வைக்க அவரால் ஆகாது.

"நான்தாம்மா ஃபயர்னு சொன்னேன்" என்றார். "அந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் செஞ்சான். சொல்றதுக்கு முன்னாடி எதிர்ல யாராவது வர்றாங்களான்னு நான் பாக்கணும். அதுதான் என் வேலை. முன்னயெல்லாம் ரெண்டு தடவை பாப்பேன். ஒன்பது மாசம் வெறும் துப்பாக்கியில ஓட்டினதுல அந்தப் பழக்கமே போயிடுச்சு. யார் கத்துறான், யார் கத்தலைன்னு பசங்க வாயைப் பாத்துப் பாத்து, அன்னைக்கும் என் கண்ணு அவன் வாய் மேலயே இருந்துச்சு. உன் புருஷன் வரப்புல வந்ததை நான் பாக்கவே இல்லை. அப்புறம் பயந்துபோய்ப் பையன் மேல பழியைப் போட்டுட்டேன்."

குப்பம்மாளின் முகத்தில் அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்தார், சாபம் வரும் என்றும் எதிர்பார்த்தார். எதையாவது எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்தப் புள்ளைய எங்க வெச்சிருக்கீங்க?"

"கேம்புல. ரூம்ல போட்டுப் பூட்டி."

"நாலு நாளாவா?"

"ஆமாம்மா."

"அவனுக்கும் ஆத்தா இருப்பா இல்ல?" அதுவரை அய்யா என்று அழைத்த வாய் அந்த வார்த்தையை விட்டுவிட்டிருந்தது. "மொதல்ல போயி அவனைத் தொறந்து வுடு. அப்புறமா ஆஸ்பத்திரிக்கு வா. எங்கிட்ட சொன்னதை அவருகிட்டயும் சொல்லு. காலு ஏன் போச்சுன்னு அந்த மனுசன் கேட்டுக்கினே கெடக்கறாரு, யாரும் பதில் சொல்லல."

"வர்றேம்மா."

"வராம இருந்துடாத."

ராஜாங்கம் தலையை ஆட்டினார். ஆட்டோவில் ஏறும்போது கம்பியில் தலை இடித்துக்கொண்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஹசீனா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெளுத்த கொடியைப் பைக்குள் வைத்தார். அப்பாவு கிக்கரை இழுத்தான்.

"கேம்புக்கா சார்?" என்று மட்டும் கேட்டான்.

"கேம்புக்குத்தாம்ப்பா. கொஞ்சம் வேகமாப் போ" என்றார் ராஜாங்கம். "பையன் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்."